குழம்பு மீன்

தட்டில் சோறு இருந்தது. சோற்றின் மேல் ரசம் இருந்தது. ஓரத்தில் ஓர் அப்பளம், தன்னால் ஆனது இவ்வளவுதான் என்பதுபோல நமுத்துக் கிடந்தது. பூவராகவன் தட்டைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் வச்சலாவைப் பார்த்தான். விடியற்காலையில் கடலுக்குப் போய், தன் மோட்டார் போட்டு நிறைய நெத்திலியும் காரப்பொடி மீனுமாகக் கரையேற்றிவிட்டு வந்தவன் அவன். கையில் சோப்பு போட்டும் போகாத மீன் வாடை. அந்தக் கையால்தான் ரசத்தைப் பிசைய வேண்டும்.

"குழம்பு எங்க?"

"கம்பெனி வேன்ல கீது. இந்நேரம் கேளம்பாக்கம் தாண்டியிருக்கும். வண்டிய எடுத்துகினு விரட்டினா புடிச்சிடலாம்."

"கடலுக்குப் போயிட்டு வந்தவன் ரசத்த ஊத்திகினு துன்னணுமா?"

"நேத்து சாம்பார் ஊத்தினேன். அதுக்கும் இதையேதான் கேட்ட. நாளைக்கு மோரு ஊத்தறேன். கேள்விய மாத்தறியா பாப்பம்."

வச்சலாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இருபத்து நாலு வருஷமாகத் தலையில் அன்னக்கூடை சுமந்து, தெருத்தெருவாக "மீனேய்" என்று கூவி விற்ற தொண்டை அது. ஊருக்குக் காட்ட வேண்டிய சத்தத்தையெல்லாம் அங்கேயே காட்டிவிட்டதால் வீட்டில் காட்ட மிச்சமில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவளுடைய சத்தம் இறங்குவதுதான் ஆபத்து என்று பூவராகவனுக்குத் தெரியும். அவன் அப்பளத்தை நொறுக்குவதில் கவனத்தைச் செலுத்தினான். அது நொறுங்கவில்லை, வளைந்தது.

சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, எல்லைமேட்டுக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இருந்தது என்றால், பதினைந்து நாளுக்கு முன்புவரை இருந்தது. போட்டு கரை தட்டியதும், ஏலம் கூறுவதற்கு முன்னால், கடலுக்குப் போன ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கை மீன் தனியே எடுத்துவைப்பார்கள். அதற்குக் குழம்பு மீன் என்று பெயர். அதை விற்கக் கூடாது. ஆக்கித் தின்ன வேண்டும். கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டுக்கும் அதிலிருந்துதான் ஒரு பிடி போகும். மிச்சத்தை ஊர்ப் பெண்கள் ஏலத்தில் எடுத்துக் கூடையில் அள்ளிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கும் ஊர்களுக்குப் போய் விற்பார்கள். விற்காததை மணலில் காயவைத்துக் கருவாடாக்குவார்கள். கடல் ஆண்களுடையது, கரைக்கு வந்த மீன் பெண்களுடையது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காதது எவ்வளவு பெரிய தப்பு என்பது பதினைந்து நாளுக்கு முன்புதான் தெரிந்தது.

கம்பெனி ஒன்று வந்தது. மூன்று வருஷத்துக்கு, எல்லைமேட்டுக் குப்பத்தின் எல்லாப் போட்டுகளிலும் வருகிற எல்லா மீனும் அதற்கு. பெரிய மீன் கப்பலேறும். பொடிமீன் அரைபட்டு இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனத் தூளாகப் போகும். பதிலுக்கு நீல நிற ஐஸ் பெட்டி, டீசல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கங்கையம்மன் கோயிலுக்கு ஐந்து நிலைக் கோபுரம். பக்கத்துக் குப்பத்துக் கோயிலில் மூன்று நிலைதான். இந்த இரண்டு நிலை வித்தியாசத்துக்காக ஊர் ஆண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பூவராகவன் பதினொன்றாவது ஆள். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்ததால் படிக்கிற சிரமம் யாருக்கும் இருக்கவில்லை.

மகள் சங்கவி செங்கல்பட்டில் காலேஜ் படிப்பவள். அப்பாவின் செல்போனில் இருந்த ஒப்பந்தத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நம்ம குழம்பு மீனுக்கு இதுல லீக்கேஜ்னு போட்டுக்கீறாங்க."

"அப்டின்னா?"

"ஒழுகறது. ஓட்ட பக்கெட்ல தண்ணி ஒழுகும் இல்ல, அது மாதிரி. ஒழுகாம பாத்துக்கறது ஊரு பொறுப்பாம்."

வச்சலா கரண்டியைக் கீழே வைத்தாள். "நாம துன்றது ஒழுகறதா?"

"ஊரு முடிவுடி அது," என்றான் பூவராகவன். "நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?"

"ஊருன்னா யாரு?"

"தலைக்கட்டுங்கதான். வேற யாரு?"

கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அவன் பேரில், ஊர்க்கூட்டத்தில் உட்காரும் உரிமை அவன் பேரில், புயலடித்தால் வரும் நிவாரணமும் அவன் பேரில். பெண்டாட்டி அவனுக்குள் அடக்கம். அவன் செத்துவிட்டால் வீட்டின் பேரை நோட்டில் அடித்துவிடுவார்கள். வீடு அதே இடத்தில் இருக்கும், உள்ளே ஆள் இருக்கும், அடுப்பெரியும். கணக்கில் மட்டும் அது காலி மனை.

பக்கத்து வீட்டுத் தேவிப்பிரியாவின் வீடு அப்படி ஒரு காலி மனை. முப்பத்தோரு வயசு. புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து அவள் வீட்டில் மீன் வாசனை வந்தால் அது யாரோ கொடுத்த குழம்பு மீன். பதினைந்து நாளாக வரவில்லை. நேற்று அவளுடைய பிள்ளை, கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டதை வச்சலா பார்த்தாள். பார்த்துவிட்டு வந்துதான் ரசம் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம கூட்டம் கீது இல்ல," என்றாள். "எழுந்து நின்னு சொல்ற. குழம்பு மீன் வோணும், பொம்பளைங்களுக்குக் கூடை மீன் வோணும். சொல்லலன்னா அந்த நீலப் பெட்டியிலயே போய்ப் படுத்துக்க. கம்பெனி ஒன்னையும் எடுத்துக்கும்."

மூன்று நாள் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவனும் நன்றாகத்தான் ஒப்பித்தான். வீட்டுக்குள் பூவராகவன் சிங்கம்.

கூட்டம் கோயில் மண்டபத்தில். ஆண்கள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊர்த் தலைவரான நாட்டார் தர்மராஜ், பிளாஸ்டிக் நாற்காலியில். மண்டபத்துக்கு முன்னால் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். பெண்கள் அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். குறை இருந்தால் புருஷனிடம் சொல்ல வேண்டும், புருஷன் சபையில் சொல்வான். பத்து அடி தூரத்தில் நின்று, எல்லாம் காதில் விழுகிற இடத்தில், சொந்த வயிற்றுப் பிரச்சினையை இன்னொருவர் வாய் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பூவராகவன் எழுந்தான். வேட்டியைச் சரி செய்தான். மறுபடி சரி செய்தான். அதில் அவ்வளவு கோளாறு இல்லை.

"வூட்ல வந்து... பொம்பளைங்க கொஞ்சம் வருத்தப்படறாங்க. குழம்புக்கு எதுனா பாத்துச் செஞ்சா..."

"யாரு வூட்லய்யா வருத்தம் இல்ல?" என்றார் தர்மராஜ். "என் வூட்ல கூட நாலு நாளா வருத்தந்தான். வருத்தத்தத் தொட்டுகினுதான் துன்றேன்."

மண்டபம் சிரித்தது. பூவராகவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். மூன்று நாள் பாடமும் அந்தச் சிரிப்போடு போயிற்று. வச்சலா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வருஷமாக முரட்டு வியாபாரிகளோடு மல்லுக்கட்டி விலை பேசியவள், இப்படி ஒரு வாயை நம்பிக் கூட்டத்துக்கு வந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மீனாக இருந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்திருப்பாள். புருஷனை அப்படிப் பார்க்காமலே வாங்கிவிட்டாள்.

அப்போதுதான் தேவிப்பிரியா பேசினாள். "மாமா, எனக்குப் பேச ஆளு இல்ல. நானே பேசலாமா?"

சிரிப்பு நின்றது. தர்மராஜ் கெட்டவர் இல்லை. அவள் புருஷனின் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். கனிவாகத்தான் சொன்னார். "நீ தலைக்கட்டுல வரலியேம்மா. ஊரு முடிவுக்கும் ஒனக்கும் இன்னா சம்பந்தம்? வெயில்ல நிக்காத. வூட்டுக்குப் போ. ஆடிக் கூழு ஊத்தறப்ப மறக்காம வந்து வாங்கிக்க."

அந்தக் கனிவுதான் வச்சலாவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கூட்டம் முடிகிற நேரத்தில் தர்மராஜ் சங்கிலிக்கு இந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "வர்ற ஞாயிறு கூழு ஊத்தறோம். கும்பத்துக்குக் கருவாடு வழக்கம்போல வூட்டுக்கு ஒரு பிடி பொம்பளைங்க குடுத்துடுங்க."

கங்கையம்மனுக்குக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் படைக்காமல் கும்பப் படையல் போட்டதாகக் குப்பத்துச் சரித்திரத்தில் கிடையாது. அந்தக் கருவாடு ஊர்ப் பெண்கள் ஊர் மணலில் காயவைத்ததாக இருக்க வேண்டும். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவள் வீட்டில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். போய்ப் பானைகளைத் துழாவினார்கள். அடியில் உப்புதான் இருந்தது. பொடிமீனெல்லாம் தீவனத் தூளாகப் போகிறபோது எதைக் காயவைப்பது? மீன் உலர்த்துகிற இடத்தில் நாய்கள் படுத்திருந்தன. அவற்றின் முகத்திலும் ஏமாற்றம் தெரிந்தது. கோபுரம் வாங்கிய ஆண்கள், கோபுரத்துக்குள் இருப்பவளுக்குச் சோறு வேண்டும் என்பதை மறந்துவிட்டிருந்தார்கள்.

வச்சலாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கம்பெனி வருவதற்கு முந்தின வாரம், தன்னிடம் கடைசியாக இருந்த ஒரு மூட்டை நெத்திலிக் கருவாட்டை வரலட்சுமியிடம் கொடுத்துவிட்டுக் கேழ்வரகு வாங்கி வந்திருந்தாள். திருவிழாக் கூழுக்கான கேழ்வரகு. வருஷா வருஷம் அப்படித்தான்.

வரலட்சுமி திருக்கழுக்குன்றம் போகிற வழியில், காலனியில் இருப்பவள். அவளுடைய அப்பா அம்மா காலத்தில் ஊர்க்காரர் நிலத்தில் கூலி. இப்போது அவள் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கையகல இடம். அதில் கேழ்வரகும் முருங்கையும் போட்டிருந்தாள். கையகல இடம் என்றாலும் பட்டா அவள் பேரில்.

வச்சலா கூடை இல்லாமல் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். தலையில் பாரம் இல்லாததால் கழுத்து எதையோ வழியில் தொலைத்துவிட்டதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"மீன்காரம்மா வருது, ஆனா மீன் வரல," என்றாள் வாசலில் நின்ற வரலட்சுமி. "இத்தன நாளா எங்க போயிட்ட? எங்க தெரு முழுக்க பிராய்லர் கோழி துன்னு துன்னு கொக்கரிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"அந்தக் கோழிக்குப் போடற தூளு எங்க மீனுதான். ஒரு வகையில மீனுதான் துன்னுகினு கீறீங்க."

விஷயத்தைச் சொன்னாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பேசப் பேச நாக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கமாகக் கூடையோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் வரும். இன்று கூடை இல்லாததால் பாட்டிலும் இல்லை. இருபத்து நாலு வருஷத்தில் வச்சலா இந்த வாசலில் மீன் விற்றிருக்கிறாள், கதை பேசியிருக்கிறாள், வரலட்சுமியின் மகன் ஆல்வினுக்கு ஞானஸ்நானம் ஆனபோது வஞ்சிரம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அதிலிருந்த அசிங்கம்.

வரலட்சுமி உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து திட்டில் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை. வைத்துவிட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வச்சலா எடுத்துக் குடித்தாள். முழுச் சொம்பையும் குடித்தாள். சங்கிலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற வலியை மண்டபத்தில் தெரிந்துகொண்டவள், தானும் ஒரு சங்கிலியை இத்தனை வருஷமாகப் பாட்டிலில் அடைத்துத் தூக்கி அலைந்திருக்கிறோம் என்பதை இங்கே தெரிந்துகொண்டாள். யோசித்தால் அவளும் ஒரு நாட்டார்தான். நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை.

"கருவாடு பாதி கீது," என்றாள் வரலட்சுமி. "எடுத்துகினு போ. ஆனா ஒன்னு. யாரு வூட்டுப் பானையிலர்ந்து வந்துதுன்னு சொல்லிக் குடுக்கணும். சொல்லாம மறைச்சு வெச்சின்னா, இந்த வாசலுக்கு நீ மறுபடி வராத."

"சொல்றேன்."

"ஒங்க ஆளுங்க ஒத்துக்கமாட்டாங்க."

"தெரியும். ஆனா அவங்க வாயால சொல்லிக் கேக்கணும்."

அவர்கள் வாயால் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் தர்மராஜும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். பூவராகவனும் இருந்தான். வச்சலா சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று பையை நீட்டினாள். "நம்ம மணல்ல நான் காயவெச்சது. காலனி வரலட்சுமி வூட்டுப் பானையில இருந்துது."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. யாரும் வாங்கவில்லை.

"கூழுக்குக் கேவுரு மட்டும் அவங்ககிட்டர்ந்துதான வாங்கறோம்?" என்றாள்.

"அது தானியம். அத நாம அரைச்சு, நாம ஆக்கறோம்," என்றார் தர்மராஜ். "இது அவங்க அடுப்பாண்ட கெடந்தது. அம்மன் காரியம்மா. வெளையாட்டில்ல."

"அப்ப ஒரு கூடை நெத்திலி குடுங்க. ஞாயித்துக்கு இன்னும் ஆறு நாள் கீது. ரெண்டு வெயில் போதும், காயவெச்சுக் குடுக்கறோம்."

"ஒப்பந்தம் கீதே. அதெல்லாம் யோசிச்சுட்டோம். ரஞ்சித்து, அதக் காட்டு."

ரஞ்சித்குமார் என்ற வாலிபன் பைக்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். கல்பாக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கருவாட்டுப் பாக்கெட்டுகள். பளபளப்பான உறை. மேலே கட்டுமரம் ஓட்டுகிற ஒரு வெள்ளை மீசைக் கிழவனின் படம். குப்பத்தில் கட்டுமரத்தைப் பார்த்தே பல வருஷமாகிறது. அம்மாவோடு வந்திருந்த சங்கவி ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படித்தாள்.

"இத அந்தக் கம்பெனிதாம்மா போட்டுக்கீது."

"பாத்தியா?" என்றார் தர்மராஜ், நிம்மதியாக. "நம்ம மீனுதான். சுத்தமா மெஷின்ல காயவெச்சுக்கீறாங்க. ஒரு குத்தமும் இல்ல."

வச்சலாவின் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "பின்பக்கம் நல்லாப் பாருடி சங்கவி. மீனு யாரு ஆஞ்சாங்க, யாரு கழுவினாங்க, யாரு உப்பு போட்டாங்க, அவங்கல்லாம் எந்த ஜாதின்னு போட்டுக்கீதா?"

"இல்லம்மா."

"அது போடல. அதனால அம்மனுக்கு ஆவும். பேரு சொல்லிக் குடுத்தா ஆவாது."

பூவராகவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிமெண்டுத் தரையில் அவனுக்கு என்ன கிடைத்ததோ தெரியவில்லை, ஊன்றிப் பார்த்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் வச்சலா பத்தொன்பது வீடு ஏறி இறங்கினாள். பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை. மீன்காரி பேசுவதுபோல, இருக்கிறதா இல்லையா, வருகிறாயா இல்லையா என்று கேட்டாள், அவ்வளவுதான். சிலபேர் புருஷனுக்குப் பயந்தார்கள். "யக்கா, அந்தாளு அடிப்பான்க்கா," என்றாள் ஒருத்தி. "ரசம் ஊத்தறப்ப அடிக்கலியே. மீனுக்கு ஏன் அடிக்கறான்?" என்றாள் வச்சலா. திருக்கழுக்குன்றம் சாலைக்கும் ஒரு போன் போட்டாள்.

மறுநாள் காலை. கதிர் கடலைவிட்டு எழுந்து ஒரு ஆள் உயரம் வந்திருந்தது. கம்பெனி வேன் மணலில் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. நீலப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. போட்டுகளை இழுக்கிற டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஓர் அன்னக்கூடை. கடைசியாக ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. வரலட்சுமியும் அவள் தெருப் பெண்கள் ஐந்து பேரும் பாத்திரங்களோடு இறங்கினார்கள். காலனிப் பெண்கள் கரைவரை வந்ததே கிடையாது. அவர்களுக்கு மீன் போகும், அவர்கள் மீனுக்கு வரக் கூடாது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சற்று விலகி நின்றார்கள். வச்சலா தன் கூடையை ஒரு முழம் நகர்த்தினாள். வரலட்சுமி அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வண்டிக்குக் கொஞ்சம் வழி விடுங்க," என்றார் கம்பெனி சூப்பர்வைசர். மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு யாருக்கோ போன் செய்யப் போனார்.

முதல் போட்டு பூவராகவனுடையது. அலையில் மூக்கை உரசி நின்றது. அவன் உள்ளே நெத்திலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றவன், எதிரே உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். வச்சலா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

தர்மராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள்.

"இன்னா இது? ஊரு முடிவ மீறிக்கினு கரையில குந்தினா இன்னா ஆவும் தெரியும் இல்ல? ஊர விட்டுத் தள்ளி வெச்சிடுவோம். வர்ற ஞாயிறு கூழு கூடக் கெடையாது."

இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வச்சலா வாயைத் திறந்தாள். அதற்குள் தேவிப்பிரியா எழுந்துவிட்டாள்.

"எங்கர்ந்து மாமா தள்ளுவீங்க?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே வழி கேட்கிற குரல். "தள்ளணும்னா மொதல்ல உள்ள வெச்சிருக்கணும் இல்ல? நான் தலைக்கட்டுல இல்ல. இவங்க யாரும் இல்ல. ஊரு முடிவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்க கையெழுத்துப் போடல. எங்கள எந்த ஒப்பந்தம் கட்டும்?"

தர்மராஜ் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, மறுபடி மடித்துக் கட்டினார். ஐந்து நிலைக் கோபுரத்தை யோசித்தவர் இதை யோசிக்கவில்லை.

தேவிப்பிரியா அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். ஆண்களில் இரண்டு பேர் "ஏய், ஏய்" என்றார்கள். புருஷன் செத்தவள் போட்டுக்கு எதிரே போகக் கூடாது. போனால் கடல் கோபிக்கும், வலை கிழியும், ஆள் திரும்பமாட்டான். இரண்டு வருஷமாக அவள் போட்டு வருகிற நேரத்தில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள். இப்போது புடவை நனைய, முழங்கால் தண்ணீரில் இறங்கி, போட்டின் விளிம்புக்குப் போய் கூடையை உயர்த்திப் பிடித்தாள்.

பூவராகவனுக்குப் பயந்த சுபாவம். அவனுக்குக் கடலிடம் பயம், நாட்டாரிடம் பயம், பெண்டாட்டியிடம் பயம். மூன்று பயமும் ஒரே நேரத்தில் மூன்று பக்கம் இழுத்தன. அவன் தேவிப்பிரியாவின் முகத்தைப் பார்த்தான். அவள் புருஷனோடு எட்டு வருஷம் ஒரே போட்டில் போனவன் அவன். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் கையிலிருந்த கூடை சாய்ந்தது. நெத்திலி வெள்ளியாகச் சரிந்து அவள் அன்னக்கூடையில் விழுந்தது. தைரியத்தில் கொட்டினானா, கை நடுங்கிக் கொட்டிவிட்டதா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. டீக்கடையில் அவன் சொல்கிற கதை வேறு. வச்சலா அதை மறுத்துப் பேசுவதில்லை.

தேவிப்பிரியா கூடையைக் கொண்டுவந்து வரிசைக்கு நடுவில் வைத்தாள். வேனிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீராக மணலில் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போனில், "ஆமா சார், லேடீஸ் சார், இல்ல சார், தொட முடியாது சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வேன் நாளையும் வரும். கோபுரம் பாதியில் நிற்கும். வீடுகளில் சாயங்காலம் என்னென்ன நடக்குமோ. எல்லாம் தெரிந்துதான் வச்சலா கூடைக்குள் கைவிட்டாள். இத்தனை நாளாக மீன் தொடாத கை. பிசுபிசுப்பு விரலிடுக்கில் ஏறியபோது அவளுக்குக் கண் கலங்கிற்று. உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

போட்டில் போன நாலு பேருக்கும் இரண்டு இரண்டு கை எடுத்துத் தனியே வைத்தாள். அடுத்து தேவிப்பிரியாவுக்கு. அதற்கடுத்து வரலட்சுமியின் பாத்திரத்தை இழுத்து, அதிலும் இரண்டு கை போட்டாள்.

"அம்மனுக்குன்னுதான கேட்ட?" தர்மராஜ் கிட்டே வந்தார். பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்ட குரல். "அம்மன் பேரச் சொல்லி எடுத்து, யாருக்குப் போடற? அம்மன் பங்கு எங்க?"

"வரும் அண்ணாத்த," என்றாள் வச்சலா, நிமிராமல். "அதுவும் பொம்பள. புருஷன் கெடையாது. ஒங்க நோட்டுல தலைக்கட்டு கெடையாது. எங்க வரிசையிலதான் எங்கியோ குந்திகினு கீது. அதோட மொற வர்றப்ப போடறேன்."

என்று சொல்லிவிட்டு அடுத்தவளின் பாத்திரத்தை இழுத்தாள்.